மஞ்சள் தூளில் 405.8இல் ஒரு கோடு: ஈயமா, வேறு ஏதாவதா?

கடைசி_வருடம்:
புறக்கோட்டையில் ஏழு பைக்கற்று மஞ்சள் தூள் வாங்கி, ஈயக் குரோமேற்று (நிறம் கூட்டக் கலக்கும் நச்சு மஞ்சள் சாயம்) கலந்திருக்கிறதா என்று லேசரால் அடித்து, கிளம்பும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கிறேன்; ஒவ்வொரு மூலகமும் தனக்கென்ற அலைநீளங்களில் கோடு காட்டும். 1064 நனோமீற்றர் யாக் லேசர், துடிப்புக்கு 50 மில்லியூல். தூளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி அடித்தால் 405.8 நனோமீற்றருக்குக் கிட்ட ஒரு மேடு வருகிறது, அடுத்த அடியில் காணவில்லை, தூளும் பறந்துவிடுகிறது. திங்கட்கிழமை சேருக்குக் காட்ட வேண்டும். ஈயம் என்று எழுதலாமா?

ஒளிக்கிறுக்கன்:
தம்பி, அவசரப்படாதீர்கள். மஞ்சளில் பொற்றாசியம் நிறைய, அதன் 404.4, 404.7 கோடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. லேசர் பட்டவுடனே படம் எடுத்தால் பிளாஸ்மா (லேசர் சூட்டில் தூள் ஆவியாகி மின்னேறிய வாயு) கொதித்துக்கொண்டிருக்கும், இலத்திரன் அடர்த்தி கூட, கோடெல்லாம் ஊதிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடியில் வெள்ளை வெளிச்சம் வேறு. ஒரு மைக்ரோசெக்கன் பிந்தி எடுத்துப் பாருங்கள். ஈயம் என்றால் 368.3இலும் தெரிய வேண்டும். குரோமேற்று என்றால் குரோமியமும் கூடவே வரவேண்டுமே, 425.4, 427.5, 429.0 மூன்றையும் தேடுங்கள்.

ஆய்வுகூடத்து_அக்கா:
தூளை அப்படியே அடிக்காமல் பிரஸ்ஸில் அழுத்தி மாத்திரையாக்குங்கள், இடம் மாற்றி மாற்றி நாற்பது அடியாவது அடியுங்கள். ஆனால் உடனே சராசரி எடுத்துவிட வேண்டாம்! லேசர் படும் புள்ளி மிகச் சிறியது, கலப்படமோ துணிக்கை துணிக்கையாகக் கிடக்கும், ஒரு அடியில் வந்து மறு அடியில் மறைவது அதனாலும் இருக்கலாம்.
எவ்வளவு என்று சொல்ல முழு மஞ்சளை நீங்களே அரைத்து, தெரிந்த அளவு குரோமேற்றைக் கலந்து ஒப்பிடத்தான் வேண்டும் (நஞ்சு, கையுறை, முகமூடி கட்டாயம்). உலோகத்துக்குப் போட்ட அளவுகோடு (கோட்டின் பிரகாசத்தை அளவாக மாற்றும் வரைபு) மஞ்சளுக்குப் பொருந்தாது. 2012இல் செவ்வாயில் இறங்கி, இதேபோல் லேசரால் பாறைகளை அடித்துப் பார்க்கும் கியூரியோசிட்டி ஊர்தியே ஒப்பிடுவதற்கென்று மாதிரித் துண்டுகளைச் சுமந்துகொண்டுதானே போனது.

கடைசி_வருடம்:
தம்பி இல்லை, தங்கச்சி :)
மாத்திரையாக்கி, பிந்தி எடுத்தேன். ஆறு பைக்கற்றில் அந்த மேடு பொற்றாசியம்தான். ஏழாவதில் மட்டும் நாற்பதில் மூன்று அடியில் 405.8 ஒல்லியாக நிற்கிறது, அதே மூன்றில் குரோமியமும்.

ஒளிக்கிறுக்கன்:
மன்னிக்கவும் தங்கச்சி. அதுதான் ஆள். இருந்தாலும் அறிக்கையில் 'சந்தேகம்' என்றே எழுதுங்கள், அந்த ஏழாவதை நைத்திரிக் அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ்ஸுக்கு (மிகச் சிறு அளவு உலோகத்தையும் அளக்கும் திணிவு நிறமாலைமானி) அனுப்பிவிட்டு.