தேய்மானத்தைத் துடைத்துவிடாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வேலைக் கருவி ஒன்று கைக்கு வந்தால், துருவைத் தேய்த்துக் கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்கத்தான் மனம் போகும். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கைப்பிடியில் விழுந்திருக்கும் பள்ளம்தான் அதைப் பிடித்தவரைப் பற்றி நமக்கு மிச்சமிருக்கும் தகவல். கூலிக் கணக்கும் வருகைப் பதிவேடும் முதலாளிக்காக எழுதப்பட்டவை. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவற்றில் இருக்கும். யாருக்குத் தோள் வலித்தது என்று இருக்காது.

சிரியாவின் அபு ஹுரைரா என்ற தொல்லியல் தளத்தில் கிடைத்த, எழுத்தே இல்லாத காலத்து மக்களின் எலும்புகளைத் தேயா மோலிசன் என்ற எலும்பு ஆய்வாளர் ஆராய்ந்தார். கால் பெருவிரல் மூட்டு, முழங்கால், கீழ்முதுகு மூன்றிலும் பாதிப்பு. அதுவும் பெரும்பாலும் பெண்களுக்கு. அங்கே கிடைத்த அரைகல்லையும் சேர்த்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, மணிக்கணக்கில் தானியம் அரைத்திருக்கிறார்கள். கல்லை மட்டும் பார்த்திருந்தால் ‘அரைத்தார்கள்’ என்பதோடு முடிந்திருக்கும்.

இடமும் பேசும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் பழைய நெசவாளர் வீடுகளில் மேல்மாடியில் வரிசையாக ஜன்னல்கள் இருக்கும். தறி அங்கேதான் நின்றது, நூல் தெரிய வெளிச்சம் வேண்டும்.

ஆனால் பொருள் தனியாக எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பழைய விசைத்தறி நாடாவின், அதாவது குறுக்கு நூலோடு தறியில் இங்கும் அங்கும் ஓடும் கட்டையின், பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. அதற்குள் புதுத் தார் (நூல் சுற்றிய குச்சி) போட்டதும் தறிக்காரர் அதில் வாயை வைத்து நூலை உறிஞ்சி வெளியே இழுப்பார். பஞ்சுத் தூசியும் கூடவே உள்ளே போகும். ஒரே நாடாவில் பலர் வாய் வைத்ததால் நோய் பரவும் என்ற பயமும் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-இல் இந்த வழக்கத்தைத் தடை செய்தது. விஷயம் தெரியாமல் அந்தத் துளையைப் பார்ப்பவருக்கு வாய் நினைவுக்கே வராது. அதனால்தான் சொல்கிறேன், அந்த வேலையைச் செய்தவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

‘இது என்ன?’ என்று கேட்டால் பெயர் மட்டும்தான் கிடைக்கும். கருவியை அவர் கையிலேயே கொடுத்து, செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கே உட்கார்ந்தார், வெளிச்சம் எந்தப் பக்கம், அடுத்த ஆள் எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் தானாக வரும். அதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையைக் காலி செய்கிறார்கள் என்றால், சாமான்களை நகர்த்துவதற்கு முன்பே இருந்தபடி படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கைப்பிடி எவ்வளவு தேய்ந்தது என்று படத்தில் தெரியாது.