தலையில் அடிபட்ட அண்ணாவும் மாறி மாறி வந்த புள்ளிகளும்

தலையில் அடிபட்டவர்களின் வீட்டார் பலர் ஐசியூ நாட்களைப் பற்றி எழுதுகிறார்கள். நான் அதற்குப் பிறகு வரும் கட்டத்தைச் சொல்கிறேன், எங்கள் வீடு அதிகம் குழம்பிப்போனது அங்கேதான்.

அண்ணா காலி வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது பஸ் தட்டி விழுந்தார், முன்மூளையில் இரத்தக்கசிவு. வார்டுக்கு வந்தபின் மொகா (MoCA) பரிசோதனை செய்தார்கள், ஞாபகம், கவனம், மொழி எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேள்வி கேட்டுப் புள்ளி போடும் சோதனை அது. 30க்கு 17. குறைந்தது 26 வேண்டும் என்றதும் அண்ணி அழத் தொடங்கிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மத்தியானம் சாப்பிட்டு, வலிப்பு மருந்தில் கண் சொக்கிக்கொண்டிருந்த மனிதரிடம், கண்ணாடியும் போடாமல், சிங்களத்தில் கேட்டார்கள். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருப்பவர், சிங்களத்தில் நன்றாகவே பேரம் பேசுவார், அதற்காக ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் அந்த மொழியில் அடுக்கச் சொன்னால் எப்படி?

அப்புறம் தமிழ் தெரிந்த ஒரு தெரபிஸ்ட் காலையில், கண்ணாடியோடு, தமிழில் கேட்டார். 23 வந்தது. அந்த ஆறு புள்ளியும் மூளை தேறியதால் வந்ததா, கேட்ட விதத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முதல் அறிக்கையில் எந்த மொழியில், எத்தனை மணிக்கு, என்ன மருந்தோடு என்று எதுவுமே எழுதவில்லை. தயவுசெய்து கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஞாபகத்துக்குக் கொடுக்கும் ஐந்து சொல்லையும் அண்ணா ஓட்டோவிலேயே வரிசையாகச் சொன்னார். அதே தாள் திரும்ப வந்தால் புள்ளி ஏறத்தானே செய்யும்? இதற்காகவே அந்தப் பரிசோதனைக்கு மாற்று வடிவங்கள் இருக்கின்றன, அதைக் கேட்க வெட்கப்படவேண்டாம்.

கண் திறந்தும் பதில் தராமல் இருப்பவர்களின் வீட்டாருக்கு ஒன்று: 2009இல் வெளியான ஒரு ஆய்வில், உணர்வற்ற நிலை என்று மருத்துவக் குழு முடிவுசெய்திருந்த 44 பேரை, சத்தம், பார்வை, தொடுகை போன்றவற்றுக்கு எப்படிப் பதில் தருகிறார் என்று படிப்படியாகப் பார்க்கும் கோமா மீட்சி அளவுகோலால் (CRS-R) சோதித்தபோது 18 பேரிடம் உணர்வின் அடையாளம் இருந்தது. அந்த அளவுகோலில் கண் பின்தொடர்கிறதா என்று பார்க்க முகத்துக்கு முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து நகர்த்துவார்கள், விரலைப் பார்க்காதவர் சில வேளை தன் முகத்தைப் பார்ப்பார். ஒரே தடவையோடு விடாமல் வெவ்வேறு நேரங்களில் செய்யவேண்டிய சோதனை அது.

சரி, புள்ளி கூடினால் எல்லாம் சரியா? இல்லை. அண்ணா பிறகு 27 எடுத்தார், எல்லாரும் சந்தோஷப்பட்டோம், கடைக்கு அனுப்பினோம். அறிமுகமே இல்லாதவருக்குக் கட்டுக்கட்டாகத் துணியைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, கொப்பியில் பெயர்கூட எழுதவில்லை. முன்மூளை அடிபட்டவர்களுக்கு இது நடக்கும் என்று பிறகுதான் விளங்கியது: அமைதியான அறையில் ஒருவர் எதிரே இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில் வரும், நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும் இடத்தில் தானாக முடிவெடுக்க வராது. அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் கடைக்கே வந்து ஒரு காலை முழுக்கப் பார்த்து எழுதிய குறிப்பில்தான் அது பிடிபட்டது. இப்போது துணி வெட்டுவதும் ஆட்களோடு கதைப்பதும் அண்ணா, கடன் கொப்பி அண்ணியிடம்.