ஹாலில் மறந்துபோவது பயத்தாலா, படித்த விதத்தாலா?

(கரும்பலகை, தும்பை, கேள்வித்தாள் என்ற பெயர்களில் மூவர் பேசிக்கொள்கிறார்கள்.)

கரும்பலகை: பிளஸ் டூ கணக்குத் தேர்வில் ‘எல்லாம் படிச்சேன், ஹால்ல மறந்துடுச்சு’ என்றால் உடனே ‘தேர்வு பயம்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். பல நேரம் கோளாறு படித்த விதத்தில். நோட்டை நாலு தடவை வாசித்தால் பார்த்ததும் தெரியும், பார்க்காமல் வராது. நோட்டை மூடிவிட்டு ஒரு 5 மார்க் கணக்கை வெள்ளைத்தாளில் போடச் சொல்லுங்கள். மூன்றாவது வரியில் நின்றால் அது மறதி இல்லை, முதலிலேயே ஏறவில்லை. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் 2006-இல் செய்த ஆய்வில், 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

தும்பை: வீட்டில் நோட்டை மூடிவிட்டுச் சரியாகப் போடுகிற பிள்ளையும் ஹாலில் திணறுகிறதே சார்? பகுதித் தொகையிடலில் எந்தச் சார்பை முதலில் எடுத்தோம், குறி மாறியதா என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்திருக்க வேண்டும். ‘ஃபெயிலாயிடுவேனோ’ என்ற நினைப்பு அதே இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு மார்க் கேள்வி தப்பிக்கும், 5 மார்க் கணக்கு நடுவில் அறுந்துபோகும்.

கரும்பலகை: சரி, மருந்து? தேர்வுக்கு முன் 10 நிமிடம் பயத்தை எழுதினால் மார்க் ஏறும் என்று 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 2018-இல் வெளியான மறுசோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

தும்பை: அதை நான் சிபாரிசு செய்யவில்லையே! மூச்சுப் பயிற்சியைச் சொல்கிறேன், அதுவும் சரியாகச் செய்தால். ‘ஆழமா இழு’ என்றால் பிள்ளை வேகவேகமாக இழுக்கும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கும், தலை சுற்றும், பயம் இன்னும் கூடும். மூக்கால் 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, இரண்டு நிமிடம் போதும். ரிவிஷன் டெஸ்டிலேயே பழகியிருக்க வேண்டும்.

கேள்வித்தாள்: 10 மணியிலிருந்து 10.10 வரை வாசிக்கத் தருகிறார்களே, அதை வீணாக்காதீர்கள். தெரிந்த கேள்விகளை மனதில் குறித்து, அதில் ஒன்றில் தொடங்கட்டும். 30-ஆம், 40-ஆம் எண் கேள்விகள் கட்டாயம், அவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு கணக்கில் மூன்று நிமிடம் நகராவிட்டால் இடம் விட்டுத் தாண்டலாம். வீட்டு மாதிரித் தேர்வும் காலை 10 மணிக்கே, கடிகாரம் வைத்து, முழு மூன்று மணி நேரம்.

கரும்பலகை: இதைத்தானே படித்த விதம் என்கிறேன்!

தும்பை: பெயர் எதுவானாலும் சரி. ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டைம்டேபிளைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ‘இருந்து என்ன பண்ணப் போறேன்’ என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.