ஆம்ப்ளிஃபயருக்கு பவர் கண்டிஷனர் வாங்கணுமா, ஸ்டெபிலைசர் போதுமா?

தென்காசி_ரசிகன்:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாள் காசு சேத்து ஒரு கிளாஸ் ஏபி ஆம்ப், ஃப்ளோர் ஸ்டாண்டிங் ஸ்பீக்கர், ஸ்ட்ரீமர் வாங்கியிருக்கேன். எங்க ஏரியாவுல சாயங்காலம் 190 வோல்ட் வரைக்கும் இறங்கும், ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் 255 கூட காட்டும், ஐப்பசி வந்தா இடி மின்னல் வேற. போன மாசம் தெருவுல நியூட்ரல் கட் ஆகி பக்கத்து வீடுகள்ல டிவியும் ஃப்ரிட்ஜும் போச்சு. கடைக்காரர் பவர் கண்டிஷனர் (கரண்ட்ல வர்ற இரைச்சல வடிகட்டுற பொட்டி) வாங்குங்க, சவுண்டும் தெளிவா வரும்ங்கிறார், ஆனா அதுவே ஆம்ப் விலைக்கு வருது. என்ன பண்ணலாம்?

ஆம்ப்_சர்வீஸ்:
தம்பி, அவசரப்பட்டு கண்டிஷனர் வாங்காதீங்க. நீங்க சொல்றது மூணு தனித்தனி பிரச்சனை: லோ வோல்டேஜ், ஹை வோல்டேஜ், மின்னல். லோ வோல்டேஜ்ல டிரான்ஸ்ஃபார்மர் வச்ச ஆம்ப் கெட்டுப்போகாது, 190ல அதிகபட்ச பவர் மூணுல ரெண்டு பங்கா குறையும், அதாவது 1.7 டெசிபல்கூட இல்ல, வீட்டுல கேக்குற சவுண்டுக்கு காதுக்கே தெரியாது. ஸ்ட்ரீமர் அடாப்டர்ல 100-240ன்னு போட்டிருந்தா அதுக்கும் கவலை இல்ல.

ஆம்ப காலி பண்றது ஹை வோல்டேஜ்தான். நியூட்ரல் போனா நம்ம வீட்டு லைன்ல 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம், ஏன்னா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல வீட்டு சாமானெல்லாம் சீரியல்ல மாட்டிக்கும். ஸ்பைக் பஸ்டர் இதுக்கு உதவாது. அதுக்குள்ள இருக்குற எம்ஓவி (அதிக வோல்டேஜ உள்வாங்குற சின்ன பார்ட்) மைக்ரோசெகண்ட் கணக்குல திடீர்னு எகிறுற சர்ஜுக்குத்தான், 400 வோல்ட் நின்னு அடிச்சா அதுவே சூடாகி புகையும், தீப்பிடிக்கவும் செய்யும், அப்படிக் கருகின போர்டு எத்தனையோ என் டேபிளுக்கு வந்திருக்கு. அதனால டிபி பாக்ஸ்ல (வீட்டு எம்சிபி எல்லாம் இருக்குற பொட்டி) ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒண்ணு போடுங்க, 265க்கு மேல போனா ரிலே கட் பண்ணிடும், கரண்ட் சீரானப்புறம் கொஞ்சம் நேரம் விட்டுத்தான் திரும்ப கொடுக்கும். மின்னல் சர்ஜுக்கு பக்கத்துலயே டைப் 2 எஸ்பிடி (சர்ஜ எர்த் பக்கம் தள்ளிவிடுற கருவி) போடுங்க, வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, அரை மீட்டருக்குள்ள முடிச்சிருங்க. நீளமா சுத்தி விட்டா அந்த வயர்லயே வோல்டேஜ் நின்னுக்கிட்டு பாதுகாப்பு பாதியாயிடும்.

கோவை_வினைல்:
அண்ணன் சொன்னது சரி. ஒண்ணு சேத்துக்கங்க, மின்னல் பிளக் வழியா மட்டும் வராது. மொட்டை மாடி டிஷ் கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கருந்து டிவி, டிவியிலருந்து எச்டிஎம்ஐ வழியா ஆம்ப்னு பின்வாசல்ல நுழையும். டிவியிலருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள் போட்டா நடுவுல கம்பித் தொடர்பே இருக்காது, கேபிள் வழியா வர்ற ஹம்மும் (ஸ்பீக்கர்ல கேக்குற 'ம்ம்'ங்கிற இரைச்சல்) போயிடும். ஹம் வருதேன்னு சிலர் எர்த் பின்ன உடைச்சு விடுறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, ஆம்ப் பாடியில கரண்ட் இறங்கினா கை வச்ச ஆளு போயிடுவாரு. மானத்துல இடி கேட்டாலே பிளக்க, டிஷ் கேபிள ரெண்டையும் கழட்டிடுங்க. நேரா வந்து இறங்குற இடிய எந்தப் பொட்டியும் தாங்காது.

தென்காசி_ரசிகன்:
ரொம்ப நன்றிண்ணே. ஸ்டெபிலைசர் அப்போ வேண்டவே வேண்டாமா? மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன், ஃபேஸ்-நியூட்ரல் 228 காட்டுது, ஃபேஸ்-எர்த் 150தான் காட்டுது, நியூட்ரல்-எர்த் 80 கிட்ட. இது நல்லதா?

ஆம்ப்_சர்வீஸ்:
நல்லதே இல்ல தம்பி. அந்த சாக்கெட்டோட எர்த் எங்கயும் போய்ச் சேரல, சும்மா தொங்குது. நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இப்படியே எஸ்பிடி போட்டா எர்த் பக்கம் தள்ளவேண்டிய சர்ஜுக்குப் போக வழியே இருக்காது. முதல்ல எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு எர்த் வயர் எங்க அறுந்திருக்குன்னு பாருங்க, குழி காஞ்சு கிடந்தா கரி உப்பு போட்டு தண்ணி ஊத்தணும், ராடு துருப்பிடிச்சிருந்தா புதுசு இறக்கணும். ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இல்லைன்னா அதையும் கேட்டு போட்டுக்கங்க, எர்த் அறுந்த வீட்டுல உயிரக் காப்பாத்துறது அதுதான்.

ஸ்டெபிலைசர் பின்னாடி பாத்துக்கலாம். ரிலே டைப் வேண்டாம், பாட்டு நடுவுல டிக்கு டிக்குனு மாறும், சர்வோ டைப் நிதானமா ஏத்தி இறக்கும், ஆம்ப் இழுக்குற கரண்டுக்கு ரெண்டு மடங்கு கெபாசிட்டில எடுங்க. எர்த் வேலை முடியிற வரைக்கும் ஆம்ப பிளக்லருந்து கழட்டியே வைங்க, முடிஞ்சப்புறம் மீட்டர் ரீடிங் இங்க போடுங்க.