வெண்புள்ளி வைரசுக்கு வைட்டமின் சி மருந்தா?

தொண்டி இறால்காரன்:
எங்கள் பக்கம் இறாலுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் பத்து நாளுக்குள் குட்டையே காலி. வைரஸ் வந்த இறாலின் செல்லில் ஆக்சிஜனேற்றம் எகிறுகிறது. அதைத் தணித்தால் வைரஸ் பெருகாது. தீவனத்தில் வைட்டமின் சி கலந்து போடுங்கள்.

மண்டபம் மாணவி:
அண்ணே, திசையே மாறிவிட்டது. பல வைரஸ் புரதங்கள் வேலை செய்ய அவற்றின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் உள்ள கந்தகம் ஒடுக்க நிலையில், அதாவது ஆக்சிஜனேற்றம் அடையாமல், இருக்க வேண்டும். மாட்டுப் பாப்பிலோமா வைரசின் ஈ2 புரதத்தில் 340-ஆவது இடத்தில் அப்படி ஒரு சிஸ்டீன் உண்டு. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஈ2 டிஎன்ஏவைப் பிடிக்காது. 1992-லேயே சோதனைக்குழாயில் காட்டிவிட்டார்கள். மனிதரைத் தொற்றும் எப்ஸ்டீன்-பார் வைரசின் சீட்டா புரதமும் அப்படித்தான். நீங்கள் தணிக்கப் பார்க்கிற ஆக்சிஜனேற்றம் இந்த இடங்களில் வைரசுக்குத்தான் தடை.

தொண்டி இறால்காரன்:
மாட்டு வைரசையும் மனுச வைரசையும் இறால் குட்டைக்குக் கொண்டுவந்தால் எப்படி, தங்கச்சி? சோதனைக்குழாயில் மழை பெய்யாது. இங்கே ஐப்பசி மழையில் உப்பு சட்டென்று இறங்கும், இறால் சோர்ந்துபோகும், அப்போதுதான் நோய் வெடிக்கும். இறாலுக்கு வைட்டமின் சியைப் போதுமான அளவு தானே தயாரிக்கத் தெரியாது. கொடுத்தால் அது தாங்குகிறது, நான் கண்ணால் பார்க்கிறேன்.

மண்டபம் மாணவி:
சத்தாகக் கொடுங்கள், அதில் சண்டையே இல்லை. வைரசை அடக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன். சரி, வெண்புள்ளி வைரசையே எடுப்போம். சுமார் மூன்று லட்சம் கார இணைகள் நீளமுள்ள தன் டிஎன்ஏவில் ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் மரபணுக்களை அதுவே வைத்திருக்கிறது. டிஎன்ஏவுக்கான கட்டுமானப் பொருளைத் தயாரிக்கும் நொதி அது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையும். தயோரெடாக்சின் மாதிரியான புரதங்கள் எலக்ட்ரான் கொடுத்து மீட்டால்தான் அடுத்த சுற்று ஓடும். அப்புறம், கிருமியைத் தாக்க இறாலின் ரத்த அணுக்கள் கக்குவதும் ஆக்சிஜன் வேதிப்பொருட்களைத்தான். அதையும் சேர்த்துத் தணிக்கவா?

உப்பூர் குஞ்சு வியாபாரி:
அப்படியானால் ஆக்சிஜனேற்றும் மருந்தையே குட்டையில் விடலாமே?

மண்டபம் மாணவி:
இறால் குஞ்சு விடுவதற்கு முன் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் போடுவது அந்த வேலைதான். வெளியே மிதக்கும் வைரசை அது அழிக்கும். இறால் செல்லுக்குள் குளுடாதயோன் என்ற சிறு மூலக்கூறு எப்போதும் ஒடுக்க நிலையைக் காத்துக்கொண்டிருக்கும். அதை உடைக்கும் அளவுக்கு மருந்து விட்டால் இறால்தான் முதலில் சாகும்.

தொண்டி இறால்காரன்:
அப்போது வழிதான் என்ன? நான் வைட்டமினை நிறுத்தப்போவதில்லை.

மண்டபம் மாணவி:
நிறுத்த வேண்டாம் அண்ணே. ஆனால் அதை நம்பி, வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை செய்யாத குஞ்சை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.