டெனான் 103, லைரா டெலோஸ்: இரண்டையும் கேட்ட அனுபவம்

இசைத்தட்டு ஒலிக்கும் கார்ட்ரிட்ஜ்களில் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்னொலியாக்கும் சிறு பாகம்) டெனான் 103 மந்தமாக இருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது டெனான் டிஎல்-103. ஜப்பானின் என்எச்கே நிறுவன ஒலிபரப்புக்காக 1960-களில் உருவான மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ், இன்றும் தயாராகிறது. நண்பரிடம் இருப்பது லைரா டெலோஸ். விலை பல மடங்கு. அவர் வீட்டு டர்ன்டேபிளில் ஹெட்ஷெல்லை (கார்ட்ரிட்ஜ் பொருத்தும் ஆர்மின் முனை) கழற்றி மாட்டலாம் என்பதால், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு முறையும் ஊசி தட்டில் அழுத்தும் எடை, ஆர்ம் உயரம் இரண்டையும் சரிபார்த்தோம்.

டெலோஸுக்கு மேல்மூடி கிடையாது. டார்ச் அடித்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய போரான் தண்டு அப்படியே தெரிகிறது. ஊசியைத் துடைக்கும்போது நண்பர் பிரஷ்ஷைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும்தான் இழுப்பார், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

எம்.எஸ். அம்மாவின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டோம். தொடக்கத்தில் எனக்கு 103தான் பிடித்தது. குரலில் அப்படி ஒரு கனம். தட்டின் கடைசிப் பகுதி வந்தபோது நிலைமை மாறியது. வெளி ஓரத்தில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடும். லேபிள் பக்கம் அது 20 சொச்சம்தான், அதனால் அங்கே ஒலி நெருக்கிப் பதிந்திருக்கும். அந்த நெருக்கத்துக்குள் 103-இன் உருண்டை முனை முழுதாக இறங்காது. 'ஸ', 'ச' எல்லாம் சீறின. டெலோஸின் கூரிய முனையில் அதே இடம் சுத்தமாக வந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன்.

ஆனால் '103 மந்தமாக இருக்கும்' என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி: அதை எதில் இணைத்துக் கேட்டீர்கள்? நாங்கள் முதலில் போனோ ஸ்டேஜின் (கார்ட்ரிட்ஜ் தரும் சிறு மின்னொலியைப் பெருக்கும் கருவி) சுமையை 100 ஓமில் வைத்திருந்தோம். டெலோஸின் உள் மின்தடை 8 ஓம் சொச்சம், அதனால் பாதிப்பில்லை. 103-க்கு 40 ஓம். அது தரும் 0.3 மில்லிவோல்ட்டில் கால்வாசிக்கு மேல் அங்கேயே போய்விடும். பிறகு மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கும் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, போனோ ஸ்டேஜின் மூவிங் மேக்னட் (காந்தம் அசையும் வகை கார்ட்ரிட்ஜுக்கான) உள்ளீட்டில் கொடுத்தோம். அப்போது கார்ட்ரிட்ஜுக்குத் தெரியும் சுமை 470 ஓம், இழப்பு குறைவு. அப்புறம் பாருங்கள், மிருதங்கத்தின் தொப்பி அடி தனியாக, இறுக்கமாகக் கேட்டது. வயலினுக்கும் குரலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. கார்ட்ரிட்ஜ் அதேதான்.

ஆர்மும் முக்கியம். 103-இன் ஊசித்தண்டு விறைப்பானது, 2.5 கிராம் எடை கேட்கும். லேசான ஆர்மில் அது நிலைகொள்ளாது. கனமான ஹெட்ஷெல் போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: மூவிங் காயிலில் தேய்ந்த ஊசியை மட்டும் வீட்டில் மாற்ற முடியாது. முழு கார்ட்ரிட்ஜையும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

அடுத்து நான் கேட்க ஆசைப்படுவது டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் எஸ்பியு கார்ட்ரிட்ஜ். கனமான ஆர்மில், டிரான்ஸ்ஃபார்மரோடு கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். எந்த விகித டிரான்ஸ்ஃபார்மர் என்பதையும் சேர்த்து.