பொருள்: நிரலா, நெடுவரிசையா, புலமா? (அவசரம்)

வணக்கம் நண்பர்களே. பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பிஎச்பி (இணையதள நிரலாக்க மொழி) பாடத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலின் (க்வெரி) முடிவில் எத்தனை ‘காலம்’, அதாவது அட்டவணையில் மேலிருந்து கீழே போகும் வரிசை, உள்ளது என்று எண்ணும் பகுதியில் நிற்கிறேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேண்டும். பிஎச்பி-யிலிருந்து தரவுத்தளத்தை அணுக இரண்டு வழிகள்: மைஎஸ்க்யூஎல்ஐ-யில் இந்த எண்ணிக்கைக்கு ‘நம் ஃபீல்ட்ஸ்’, பிடிஓ-வில் ‘காலம் கவுன்ட்’. இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா? ‘காலம் எண்ணிக்கை’ என்று எழுதினால் மாணவர் நேரத்தைத்தான் நினைப்பார்.

மதுரையிலிருந்து:
நிரல் என்றே எழுதுங்கள். கணக்கில் அணிகள் பாடத்தில் நிரை (கிடைவரிசை), நிரல் (மேலிருந்து கீழ் வரிசை) படித்துவிட்டுத்தானே வருகிறார்கள்? நன்னூலின் நிரல்நிறைப் பொருள்கோளையும் பாருங்கள். ‘அன்பும் அறனும்’ குறளில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று முறையே பொருந்துகின்றன. தலைப்பும் மதிப்பும் அட்டவணையில் அப்படித்தானே பொருந்துகின்றன!

சென்னையிலிருந்து:
ஐயா, கணினியில் நிரல் என்றால் ப்ரோகிராம். ‘நிரலில் நிரல்களை எண்ணுக’ என்றால் யாருக்குப் புரியும்? பத்தி நல்ல சொல், நாளிதழால் எல்லாருக்கும் பழக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இங்கே ப்ரோகிராம் என்பது செய்நிரல். ஆகவே நிரலோடு மோதல் வராது. நீங்களும் செய்நிரலுக்கு மாறலாமே.

மதுரையிலிருந்து:
பத்தி வேண்டாம். அது ‘பங்க்தி’ வழி வந்தது, பந்தியும் அதே வேர்தான். பொருள் வரிசை. கிடையாக உட்காரும் பந்தியை ஏன் நெட்டுக்கு நிறுத்த வேண்டும்?

கோவையிலிருந்து:
வேரை அப்புறம் பார்க்கலாம். புலத்தையும் (அட்டவணையின் ஃபீல்ட்) முடிவில் வரும் நெடுவரிசையையும் ஒன்றாக்காதீர்கள். வினவலில் இரண்டு மதிப்பெண்களைக் கூட்டி ‘மொத்தம்’ என்று எடுத்தால் அது எந்த அட்டவணையின் புலமும் இல்லை, ஆனாலும் எண்ணிக்கையில் சேரும். பாடத்தில் இன்னொன்றும் சொல்லுங்கள்: மைஎஸ்க்யூஎல்ஐ-யின் ஃபெட்ச் அரே-யில் ஒரு கிடைவரிசையை (ரோ) எடுத்து, எண்ணிக்கை தரும் கவுன்ட் போட்டால், பெயர், ஊர், மொத்தம் என்ற மூன்றுக்கு 6 வரும். இயல்பிருப்பில் (டிஃபால்ட்) ஒவ்வொரு மதிப்பும் எண்ணாலும் பெயராலும் இருமுறை வருகிறது. முடிவில் கிடைவரிசையே இல்லாவிட்டால் எண்ண எதுவும் கிடைக்காது. நம் ஃபீல்ட்ஸ் அப்போதும் 3 என்றே சொல்லும். வகுப்பில் நெடுவரிசை என்றதும் பிள்ளைகள் கையை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அது போதும்.

சென்னையிலிருந்து:
சரி, நெடுவரிசைக்கே என் ஓட்டும். பத்தியை விட்டுவிடுகிறேன்.

தமிழாக்குபவர்:
நன்றி. ‘நெடுவரிசை எண்ணிக்கை’ என்றே அனுப்புகிறேன். ஃபீல்டுக்குப் புலம், வினவல் முடிவில் வரும்போது அதுவும் ஒரு நெடுவரிசையே என்று ஓர் அடிக்குறிப்பு.

மதுரையிலிருந்து:
கணக்கு வகுப்பில் நிரல், கணினி வகுப்பில் நெடுவரிசை என்றால் தவிப்பது மாணவர்தான். என் மறுப்பு இருக்கட்டும். நிரைக்கு என்ன எழுதப் போகிறீர்கள்?